‘காமராஜர் ஆட்சி அமைப்போம்’ என்கிறார்களே, எதை அமைக்கப் போகிறார்கள்?

கரிசல்மண் | ஜூலை 15, இரவு 9.20

இன்று பெருந்தலைவர் பிறந்தநாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் மாலை போட்ட படம், ஒலிபெருக்கி, பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். ‘ஐயா தந்த அணைகள், ஆலைகள்’ என்று இரண்டு வரிசையாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பேச்சுப் போட்டிக்காக அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நானும் நின்று படித்தேன். வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர், அமராவதி. சரி. அதற்குக் கீழே மேட்டூர் அணை. அதற்கும் கீழே சேலம் உருக்காலை.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. வெள்ளைக்காரன் காலம். ஐயா அப்போது சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்த காங்கிரஸ் தொண்டர். சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியது 1970-இல். அவர் முதல்வர் பதவியை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது.

ஃப்ளெக்ஸை வைத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இன்றைக்கு எல்லாக் கட்சியும் அவர் படத்தை வைக்கிறது. 2006-இல் இந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாள் என்று அறிவித்தது திமுக அரசு. ஆனால் ‘காமராஜர் ஆட்சி’ என்பதையே தேர்தல் வாக்குறுதியாகச் சொல்லும் கட்சி காங்கிரஸ். 1967-இல் ஆட்சி போனதிலிருந்து இன்றுவரை யார் மாநிலத் தலைவரானாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். மூப்பனார் 1996-இல் காங்கிரசிலிருந்து பிரிந்து தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) தொடங்கியபோதும் கூடவே எடுத்துப் போனது இதைத்தான்.

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஐயா படம் இருக்கிறது. அந்த உரிமையில் கேட்கிறேன். ‘காமராஜர் ஆட்சி’ என்றால் பொருளாதாரத்தில் என்ன? எந்த வரி, எந்தச் செலவு, எந்தத் தொழில் கொள்கை? இதைச் சொல்லி ஒரு பக்கமாவது யாராவது எழுதியிருக்கிறார்களா?

---

கதர்ச்சட்டை | ஜூலை 15, இரவு 10.05

அண்ணாச்சி, மேட்டூர் தப்புதான். ஆர்வக்கோளாறில் சேர்த்திருப்பார்கள். அதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

நாங்கள் மூன்று தலைமுறையாகக் காங்கிரஸ் குடும்பம். காமராஜர் ஆட்சி என்றால் எங்கள் தாத்தாவுக்கும் எனக்கும் ஒரே அர்த்தம்தான். எட்டே அமைச்சர்கள், கை சுத்தம், கோப்பு தேங்காது. 1954-இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்து, நிதியையும் கல்வியையும் கையில் கொடுத்தார். இன்று எந்தக் கட்சியில் நடக்கும்?

நெய்வேலி, திருச்சி கொதிகலன் ஆலை, ஆவடி டாங்கு தொழிற்சாலை, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, ஊட்டி பிலிம் தொழிற்சாலை, கிண்டி தொழிற்பேட்டை. வெள்ளைக்காரன் விட்டுப்போனபோது 7 விழுக்காடாக இருந்த எழுத்தறிவு அவர் காலத்தில் 37 ஆனது. இதெல்லாம் ஒன்பதரை வருடத்தில். இதற்கு மேல் என்ன திட்ட அறிக்கை வேண்டும்?

---

செங்காந்தள் | ஜூலை 15, இரவு 10.50

கதர்ச்சட்டை அண்ணா, அந்த 7, 37 கணக்கு பல வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டுப் பகுதியின் எழுத்தறிவு சுமார் 21 விழுக்காடு. 1961-இல் சுமார் 31. பத்து வருடத்தில் பத்துப் புள்ளி. அதுவே பெரிய ஏற்றம். ஏழிலிருந்து தொடங்கினால் நம் பாட்டன்கள் கட்டிய திண்ணைப் பள்ளியும், ஜில்லா போர்டு பள்ளியும், மிஷன் பள்ளியும் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மதிய உணவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தியாகராயர் தொடங்கிய முன்னோடி உண்டு. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கியபோது அரசு கஜானாவை எடுத்த எடுப்பில் திறக்கவில்லை. ஊர் மக்கள் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு, ஒருவர் விறகு. அது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, 1957-இலிருந்து அரசும் பங்கு போட்டது. 1961 முதல் கேர் அமைப்பு மூலம் அமெரிக்க உதவி வந்தது.

என் அம்மா 1962-இல் மூன்றாம் வகுப்பு. அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவார்களாம். பால் பவுடரைக் கரைத்து ஊற்றும்போது தட்டின் அடியில் கட்டியாகத் தங்கும். அதை விரலால் வழித்துச் சாப்பிடத்தான் சண்டை நடக்கும் என்பார். அந்த ஊரில் யார் வீட்டிலிருந்து எந்தக் கிழமை காய்கறி வரும் என்பதுவரை இன்றைக்கும் சொல்லுவார்.

மேடையில் இந்தப் பகுதியை யாரும் பேசுவதில்லை. ‘பசித்த குழந்தையைப் பார்த்தார், கண்கலங்கினார், திட்டம் போட்டார்’ என்று மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பெயரே வராது. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பெஞ்சு, மணி, கரும்பலகை, சுற்றுச்சுவர் என்று ஊர்க்காரர்களிடமே வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்த இயக்கம் அது. ஒருவர் மனசு இளகியதால் மட்டும் நடந்த காரியம் அல்ல, எத்தனையோ பேர் நடந்து தேய்ந்த காரியம்.

---

பெரம்பூர்வாசி | ஜூலை 16, காலை 6.30

என் தகப்பனார் ஐசிஎஃபில், அதாவது பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். நானும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இது என் வீட்டு விஷயம்.

சுவிஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது காமராஜர் முதல்வராவதற்கு முன்பே. நேரு வந்து 1955 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்து வைத்தார். அது மத்திய அரசின், ரயில்வேயின் திட்டம். அதைக் ‘காமராஜர் தந்தது’ என்று எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் ‘அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை’ என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லும்போதும் அதே சங்கடம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். தொழிற்சாலை வந்தால் போதுமா? ஆள் வேண்டாமா? அந்த வருடங்களில் பாலிடெக்னிக்குகளும் தொழில்பயிற்சி நிலையங்களும் பெருகின. அப்பாவுக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். எஸ்எஸ்எல்சியோடு நின்றிருந்தால் நிலத்துக்குத்தான் போயிருப்பார். பயிற்சி முடித்து வந்து, பெட்டியின் கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவில் சேர்ந்தார். ‘முதல் மாசம் கண்ணாடி போட்டும் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப்போட்ட மாதிரி இருக்கும், உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் கட்டிக்கொண்டு படுப்போம்’ என்பார். டெல்லி ஆலையைக் கொடுத்தது. ஆலைக்குள் போகிற ஆளை மாநிலம் உருவாக்கியது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அவர் செய்தது என்னவென்று தெரியும்.

---

கரிசல்மண் | ஜூலை 16, காலை 8.15

பெரம்பூர் ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டே போகிறேன். நேற்று இரவு அந்தப் பட்டியலை உட்கார்ந்து இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன்.

நெய்வேலி, திருச்சி, ஆவடி, ஊட்டி நான்கும் மத்திய அரசின் முதலீடு. இரண்டாம், மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலம். கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்த மகலனோபிஸ் பாதையில் நாடு முழுவதும் கனரக ஆலைகள் எழுந்துகொண்டிருந்தன. அதில் நம் பங்கைக் கேட்டு வாங்கும் சாமர்த்தியம் காமராஜருக்கு இருந்தது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி மத்தியில் வர்த்தகம், தொழில், பிறகு நிதி என்று இருந்தார். 1962-இல் சி. சுப்பிரமணியம் அங்கே போய் எஃகுத் துறையைப் பார்த்தார். மாநிலத்தில் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். இப்படி ஒரு அணி அமைந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ரயில் சரக்குக் கட்டணச் சமன்பாடு. 1950களில் கொண்டுவந்தது, 1990களின் தொடக்கம்வரை நீடித்தது. ஜாம்ஷெட்பூரில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் எஃகு ஒரே விலை. சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அன்றைய பீகாருக்கு (இன்றைய ஜார்க்கண்டும் சேர்ந்தது) அது நஷ்டம். எஃகும் நிலக்கரியும் இல்லாத நமக்கு அது வரம். அம்பத்தூரிலும் கோவையிலும் பட்டறைகள் தழைத்ததில் இதற்குப் பங்கு உண்டு. எந்த மேடையிலும் இதை நான் கேட்டதில்லை. பீகார்க்காரர் நம் ஊருக்கு வேலைக்கு வரும் காலத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கடன் இது.

இனி இரண்டாவது பட்டியல். மாநிலம் தன் கையால் செய்தது. 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை. பெரிய முதலாளி அல்லாதவனுக்கு ஷெட், மின்சாரம், தண்ணீர், சாலை எல்லாம் ஒரே இடத்தில். 1957-இல் மின்வாரியம். குந்தா நீர்மின் திட்டம். கிராமத்துக்குக் கம்பி இழுத்தது. பள்ளிக்கூடம். சாப்பாடு. ஃப்ளெக்ஸில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் பட்டியல். என் கணக்கில் அவருடைய சொந்தச் சாதனை இரண்டாவதுதான்.

---

வைகைக்கரை | ஜூலை 16, காலை 9.00

கம்பி இழுத்தது என்றீர்களே, அது உண்மை. எங்கள் கிணற்றில் கமலை இறைத்ததை நிறுத்திவிட்டு மோட்டார் போட்டது 1961-இல் என்று கிணற்றுச் சுவரில் தாத்தா சிமெண்டில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு மாடு, ஒரு ஆள், விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து இறைத்தது போய், சுவிட்சைத் தட்டினால் தண்ணீர். வைகை அணையை 1959-இல் திறந்தார்கள். 71 அடி நிரம்பினால் இன்றைக்கும் எங்கள் பக்கம் வெடி போடுவோம். என்னிடம் கேட்டால் அணையைவிட அந்த மோட்டார்தான் பெரிது.

---

மேலவீதி | ஜூலை 16, பகல் 1.40

தோழர்களே, தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் இந்தப் பொற்காலம் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

நிலம் என்று ஒன்று இருக்கிறது. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-இல் குத்தகைக்கு வரம்பு கட்டிய நியாய வாரச் சட்டம் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல்தான் வந்தது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). விதிவிலக்குகளோ ஏராளம். சட்டம் வரும் வரும் என்று பேசிக்கொண்டிருந்த வருடங்களிலேயே மிராசுகள் நிலத்தை உறவினர் பெயரிலும், டிரஸ்டு பெயரிலும் மாற்றிவிட்டார்கள். காங்கிரசின் கிராமத்து முதுகெலும்பே அந்த மிராசுகள்தானே. பிற்பாடு 1970-இல் திமுக அரசு 15 ஏக்கராகக் குறைத்தது. அப்போதும் பினாமி ஒழியவில்லை என்பது வேறு கதை.

இன்னொன்று. அந்த ஒன்பது வருடமும் எதிர்க்கட்சியின் முழக்கம் என்ன? ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’. இன்று நாம் ஆலைகளின் காலம் என்று கொண்டாடும் அதே காலத்தில், தெற்கே ஆலை வரவில்லை என்று பேசியவர்களுக்குக் கூட்டம் கூடியது. 1957-இல் 15 இடம் பிடித்த திமுக 1962-இல் 50 பிடித்தது. 1967 தேர்தலில் தெருவில் கேட்டது: ‘காமராஜர் அண்ணாச்சி, கடலைப்பருப்பு விலை என்னாச்சு? பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?’ அப்படி ஒரு பொற்காலம் என்றால் விருதுநகர்க்காரர்களே ஏன் அவரைத் தோற்கடித்தார்கள்? 1,285 வாக்கு வித்தியாசத்தில், ஒரு மாணவர் தலைவரிடம்.

---

கதர்ச்சட்டை | ஜூலை 16, மாலை 6.10

தோழர், இதில் எனக்குக் கோபம் வருகிறது. அரிசிப் பஞ்சம் 1964-க்குப் பிறகு. மழை பொய்த்தது நாடு முழுவதும். ஐயா 1963 அக்டோபர் 2-ஆம் தேதியே பதவியை விட்டுவிட்டார். இந்திப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்ததும் அடுத்து முதல்வரான பக்தவத்சலம் காலத்தில். அவர் செய்யாததற்கு அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று வாக்குக் கொடுத்த திமுகவால் அதை நிறைவேற்ற முடிந்ததா?

தோற்ற பிறகும் 1969-இல் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மக்கள் மறக்கவில்லை.

---

செங்காந்தள் | ஜூலை 16, மாலை 7.00

அண்ணா, அவர் செய்யாததற்கு அவர் பெயரில் கோஷம் போட்டது தவறு என்றால், அவர் செய்யாததற்கு அவர் பெயரில் ஃப்ளெக்ஸ் வைப்பதும் அதே தவறுதானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வகுப்பில் பிள்ளைகள் உண்மையாகவே கேட்கிறார்கள்: ‘இவ்வளவு செய்தவரை ஏன் டீச்சர் தோற்கடித்தார்கள்?’ ‘மக்கள் நன்றி கெட்டவர்கள்’ என்பதுதான் மேடையில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில். அந்தப் பதிலைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. விலைவாசி ஏறினால் பள்ளிக்கூடம் கட்டிய அரசும் தோற்கும், அடுத்தவர் ஆட்சியின் பழியும் சேர்ந்து வரும் என்று நான் சொல்கிறேன். அவர்களுக்கு அது புரிகிறது.

---

கரிசல்மண் | ஜூலை 16, இரவு 9.45

கதர்ச்சட்டை தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1967-இல் எங்கள் ஊரில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஐயா தோற்றுவிட்டார் என்று கேட்டுக் கடையை அடைத்தவர்களும் அதே ஊரில்தான், அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களும் அதே தெருவில்தான்.

ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. கை சுத்தமும் எளிமையும் வேண்டும், மறுக்கவில்லை. அவை குணம். பொருளாதாரத்தில் அவர் எங்கே நின்றார்? 1955 ஜனவரியில் ஆவடியில் ‘சோசலிச மாதிரியான சமுதாயம்’ என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ் மாநாடு நடந்தபோது முதல்வர் அவர். 1964-இல் புவனேசுவரத்தில் ஜனநாயக சோசலிசம் என்று தீர்மானம் போட்டபோது மாநாட்டுக்குத் தலைமையே அவர். பொதுத்துறை, திட்டக்குழு, லைசென்ஸ், பர்மிட் எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய காலத்துப் பொருளாதாரம். 1991-இல் அந்தப் பாதையிலிருந்து நாட்டைத் திருப்பியதும் இதே காங்கிரஸ்தான். திருப்பியது சரி என்று நினைப்பவன் நான். ஊட்டி பிலிம் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது; ஃப்ளெக்ஸில் மட்டும் அது இன்னும் ஓடுகிறது. ஆகவே, 1991-ஐயும் பெருமை பேசிவிட்டு அதே மேடையில் காமராஜர் ஆட்சியைக் கொண்டுவருவோம் என்றால், இரண்டில் எது?

அடுத்தது வருமானம். ஓமந்தூரார் முதல்வராக இருந்த காலத்தில் 1948-இல் வந்த மதுவிலக்கு 1971 வரை நீடித்தது. அப்படியென்றால் இத்தனை பள்ளியும் கம்பியும் அணையும் சாராயக் காசு ஒரு பைசா இல்லாமல் கட்டியவை. விற்பனை வரி, நிலவரி, டெல்லி கொடுத்த திட்டப் பணம், ஊரார் கொடுத்த பங்கு. இன்று டாஸ்மாக் இல்லாமல் ஒரு பட்ஜெட் போட்டுக் காட்டட்டும். எதை வெட்டுவோம், எந்த வரியைக் கூட்டுவோம் என்று எழுதட்டும். அப்படி ஒரு தாளை எந்தக் கட்சி கொடுத்தாலும் நான் வீடு வீடாகக் கொண்டுபோவேன்.

கடைசியாக ஒன்று, இது மனசுக்குக் கஷ்டமானது. 1969-இல் கட்சி உடைந்தபோது ஐயா இந்திராவுக்கு எதிர்ப்பக்கம், ஸ்தாபன காங்கிரசில் நின்றார். 1971-இல் இந்திராவின் கட்சி திமுகவோடு சேர்ந்து அவருடைய கட்சியைத் தோற்கடித்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, நெருக்கடிநிலைக் காலத்தில், அந்தப் பிரிவு ஆறாமலே போய்ச் சேர்ந்தார். 1976-இல் பாரத ரத்னா கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அவருடைய கட்சியின் பெரும்பகுதி இந்திரா காங்கிரசில் கலந்தது. உயிரோடு இருந்தவரை வாதாடக்கூடிய மனிதராக இருந்தார். இறந்த பிறகு படமாகிவிட்டார். படத்திடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது, படமும் நம்மிடம் கணக்குக் கேட்காது. என் ஆதங்கம் இதுதான்.

---

மேலவீதி | ஜூலை 16, இரவு 10.20

கரிசல்மண் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 1970-இல் சிட்கோ, 1971-இல் சிப்காட் என்று தொழிற்பேட்டைகள் அமைக்கும் இரண்டு அரசு நிறுவனங்களும் திமுக அரசில் வந்தவை. கிண்டியில் போட்ட தடத்தில்தான் அவை நடந்தன. 1982-இல் எம்ஜிஆரின் சத்துணவு எட்டயபுரத்துத் தடத்தில். அவரைத் தோற்கடித்தவர்களும் அவருக்குப் பின் வந்தவர்களும் அவர் வேலையைத் தொடர்ந்தார்கள். நிலத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு பக்கமாகப் பேசியதாகிவிடும்.

---

கதர்ச்சட்டை | ஜூலை 17, காலை 7.30

ராத்திரி எல்லாம் படித்தேன். 1969 விஷயம் எங்கள் வீட்டில் பேசவே மாட்டார்கள். தாத்தா சாகும்வரை ஸ்தாபன காங்கிரஸ், அப்பா இந்திரா காங்கிரஸ். ஒரே வீட்டில் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது இரண்டு பேர் படத்துக்கும் நடுவில் ஐயா படம் மாட்டியிருக்கிறோம்.

டாஸ்மாக் இல்லாத பட்ஜெட் பற்றி என்னிடம் பதில் இல்லை, அண்ணாச்சி. எங்கள் வட்டாரக் கூட்டத்தில் கேட்கிறேன். மேட்டூரையும் சேலத்தையும் எங்கள் பகுதித் துண்டறிக்கையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடலாம் என்று கேட்கிறார்கள்.

---

வைகைக்கரை | ஜூலை 17, காலை 8.05

மோட்டாரைப் போடச் சொல்லுங்கள் தம்பி.

---

கரிசல்மண் | ஜூலை 17, இரவு 8.50

மகள் நோட்டில் இரண்டு வரியை அடித்துவிட்டாள். செங்காந்தள் அம்மா எழுதியதில், எந்தக் கிழமை எந்த வீட்டுக் காய்கறி என்பதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பேச்சை அங்கேயிருந்து தொடங்கப் போகிறாளாம். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லலாமா என்று கேட்கச் சொன்னாள்.